பாயின் விலை




சில மாதங்களுக்கு முன்னர், மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் உம்மா, தான் இழைத்த பன்பாய் ஒன்றை எமது வீட்டுக்கு விற்கக் கொண்டு வந்தார். அவர் சொன்ன விலை எனக்குக் கூடுதலாகப் பட்டது. வழக்கம்போல் குறைத்துக் கேட்டேன். அவர் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டுப் போனார். "இந்தப் பாயை இழைக்க எத்தனை நாள் சென்றது என்று கேட்டீங்களா?" என்று அன்றிரவு என் மனைவி கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நீங்களும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நமது கிழக்கிலங்கையில் குளத்தோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் பன் வளர்கிறது. சேற்றில் இறங்கி அதனை வெட்ட வேண்டும். கட்டிச் சுமந்து வந்து, நீளவாக்கில் கீறி, வெயிலில் காயவைக்க வேண்டும். நிறம் வேண்டுமானால் சாயத்தில் அவிக்க வேண்டும். பிறகுதான் நிலத்தில் குந்தியிருந்து இழைக்கும் வேலை. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் இழைப்பதால் ஒரு பாய் முடியப் பல நாட்கள் செல்லும். நாம் பாய்க்கு விலை கேட்கிறோம். அந்த நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது?

மறுநாள் நான் குறைத்த பணத்தைக் கொடுக்கப் போனேன். அந்தச் சகோதரி வாங்கவில்லை. "ஸதக்காவாகத் தராதீங்க மௌலவி. இன்னொரு பாய்க்கு முற்பணமாகத் தாங்க" என்றார். அப்போதுதான் விடயம் தெரியவந்தது. வியாபாரி ஒருவரிடம் அவர் முன்கூட்டியே பணம் வாங்கியிருந்தார். அது தீரும்வரை இழைக்கும் பாயெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போகும். எமக்குக் கொண்டு வந்தது அவருக்குத் தெரியாமல் இழைத்த ஒன்று!

கடன் ஏழைப் பெண்ணின் கையை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதற்கு நாடே சாட்சி. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. வட்டியில் விழுந்த பின் கைகொடுப்பதைவிட, விழாமல் தடுப்பதல்லவா மேல்?

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தமது கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். கைத்தொழில் நமக்குக் குறைவல்ல. அதற்குரிய விலையைக் கொடுக்காமல் விடுவதுதான் குறை.

சகோதரிகளே! நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கலியாண வீட்டுக்குப் பாய் தேவையா? இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி, பாதிப் பணத்தைக் கையில் கொடுங்கள். கடையில் பிளாஸ்டிக் பாய்க்குச் சொன்ன விலையைக் கொடுக்கும் நாம், வாசலுக்கு வந்தவரிடம் மட்டும் பேரம் பேசுவதை விட்டுவிடுவோம். அயலில் நான்கைந்து பேர் இழைப்பவர்களாயின், ஒன்றுசேர்ந்து ஒரே விலை வைக்கட்டும். 1982ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை கைவினைஞர்களுக்கென்றே இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அதுபற்றி விசாரித்துக் கொடுக்கப் படித்த பிள்ளைகளால் முடியும்.

இன்னொன்று, பன் நிற்கும் நிலம். கிழங்கை விட்டு மேலே வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். ஆனால் மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் துளிர்க்குமா? பள்ளக் காணியை நிரப்பி வீடு கட்ட நினைக்கும் ஆண்களிடம், அது எத்தனை வீட்டு அடுப்பெரிக்கும் நிலம் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். மழை வெள்ளம் தங்குவதும் அங்கேதான்.

இரண்டாவது பாய் வந்துவிட்டது. இம்முறை அவர் சொன்ன விலையைக் கொடுத்தோம். முதற்பாயில் உட்காரும்போது மட்டும் இன்னும் மனம் உறுத்துகிறது.