பென்டிரைவோடு வேலை முடிவதில்லை

கல்யாணப் படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும், பிரிண்ட் வாடிக்கையாளர் பாடு என்று வாதிடும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். இப்போது எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்களாம்.

போன் திரை தானே ஒளிர்வது. காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் எடுப்பாகத் தெரியும் படம், திருத்தாமல் அச்சிட்டால் பெரும்பாலும் இருண்டுதான் வரும். முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பில் மடிப்புகள் மறைந்து ஒரே திட்டாகிவிடும். மானிட்டரை அளவிட்டுச் சரிசெய்து, லேபின் கலர் புரொஃபைலைப் போட்டுப் பார்த்து, சின்னதாக டெஸ்ட் பிரிண்ட் எடுப்பவருக்கு இது முன்பே தெரியும். மணப்பெண்ணின் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

12க்கு 18 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை அச்சுக்குத் தூக்கிப்போகும் குடும்பத்துக்கு இதைச் சொல்ல வேண்டியவர் படம் எடுத்தவரே.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' நெகட்டிவைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். வானத்தின் கருமை பிரிண்டுக்குப் பிரிண்ட் மாறியது. அவருக்கு அச்சும் படைப்பின் பகுதி.

ஆல்பத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் மாதிரிப் பிரிண்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.