ரஞ்சினியின் எலி

எலியை உயிரோடு பிடித்து, காதில் குறி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுகிற ஆளை வயல்காரர் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை அச்சில் போட முடியாது. ஆனால் அப்படிப் பிடித்தே ஆக வேண்டிய எலி ஒன்று உண்டு. அதன் சொந்த ஊர் திருவனந்தபுரம்.

1969ல் அகர்வால், கோஸல் என்ற இரு விலங்கியலாளர்கள் திருவனந்தபுரத்தில் கிடைத்த எலியைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். பெயர் ராட்டஸ் ரஞ்சினியே. உலகத்தில் கேரளத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. புலி என்றால் ஊரே கணக்கெடுக்க வரும். எலிக்கு யார் வருவார்கள்?

கழுத்தை முறிக்கும் பொறி இதற்கு உதவாது. எண்ணுகிற வேலையே எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அலுமினியப் பெட்டிப் பொறிகளைச் சம இடைவெளியில் வரிசை வரிசையாக வைக்கிறார்கள். உள்ளே கொஞ்சம் வேர்க்கடலை. விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். தாமதித்தால் எறும்போ வெயிலோ மழையோ முந்திக்கொள்ளும். கையுறை கட்டாயம். எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் கேரளத்தில் உயிர்களைக் குடித்துவரும் நோய். (அவர்கள் 'எலிப்பனி' என்கிறார்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நம்மூர்க்காரர் குளிர் என்று நினைத்து அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.)

கணக்கு எளிது. முதல் தடவை 40 எலிகளுக்குக் குறி போட்டு விடுகிறீர்கள். அடுத்த தடவை சிக்கிய 30ல் 12 குறியோடு இருந்தால், 40ஐ 30ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். ஆக, அங்கே ஏறத்தாழ 100 எலிகள். எலிகள்தான் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சில, கடலைக்கு ஆசைப்பட்டு தினமும் வந்து மாட்டிக்கொள்ளும். உடனே விடை உண்மையை விடக் குறைந்துவிடும். சில, ஒரு தடவை பட்டதும் பெட்டிப் பக்கமே வராது. விடை எகிறிவிடும். எனவே ஒரே இடத்தில் பல இரவுகள், பல பருவங்கள் பிடித்துப் பார்க்காமல் நம்ப முடியாது.

அதற்குள் இடம் இருக்க வேண்டுமே! தாழ்நில நெல்வயல்களும் சதுப்பும்தான் இந்த எலியின் வீடு. 1970களில் எட்டரை லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த கேரளத்தின் நெல் பரப்பு இன்று இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நெல்வயலைக் காக்க 2008ல் சட்டம் வந்தது. மிஞ்சிய வயலின் வரப்புகளிலோ எலி மருந்து. அதைத் தின்பது சாதாரண வயல் எலியா, ரஞ்சினியின் எலியா என்று மருந்து வைப்பவருக்குத் தெரியாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல விலங்கியல் படித்தவர்களே கையில் எடுத்து அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.