ஏற்றுக்கொண்ட கடிதத்தைத் தொலைக்கலாமா?

மின்னஞ்சல் வடிகட்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எரிதம்தான். குப்பையைத் தடுக்கிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் யுனிக்ஸ் கணினிகளில் இந்த வேலைக்கு முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. அது சொல்லும் பாடம் வேறு: வடிகட்டிக்குப் பிரிக்கும் உரிமை கொடுக்கலாம், தொலைக்கும் உரிமை கொடுக்கக் கூடாது.

முதலில் கடிதம் எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற ஒரு நிரல் வெளியிலிருந்து வரும் கடிதத்தை எஸ்எம்டிபி முறையில் வாங்குகிறது. முழுதாக வாங்கியதும் 250 என்று பதில் சொல்கிறது. அனுப்பிய கணினி உடனே தன் வரிசையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவிடும். 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 என்ற தர ஆவணத்தின்படி இந்த 250 வெறும் மரியாதைச் சொல் அல்ல, ஒரு பொறுப்பு. இனி கடிதத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். அற்பக் காரணங்களுக்காகத் தொலைக்கக் கூடாது.

வாங்கிய கடிதத்தைப் பயனரின் பெட்டியில் போடுவது இன்னொரு நிரலின் வேலை. அங்கேதான் புரோக்மெயில் வந்தது. ஸ்டீபன் வான் டென் பெர்க் 1990இல் எழுதியது. பயனர் தன் வீட்டு அடைவில் ஒரு சிறு கோப்பு வைத்துக்கொள்வார். அதில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு தொடக்க வரி, நட்சத்திரக் குறியோடு நிபந்தனைகள், கடைசியில் என்ன செய்வது என்று ஒரு வரி. மடற்குழுக் கடிதங்கள் ஒரு கோப்புக்கு, பேராசிரியர் கடிதங்கள் இன்னொன்றுக்கு, எதிலும் பொருந்தாதவை வழக்கமான பெட்டிக்கு. ஸ்பாம்அசாசின் போன்ற வெளி நிரலிடம் கடிதத்தைக் கொடுத்து வாங்கவும் முடியும். பல பல்கலைக்கழகக் கணினிகளில் இதுதான் வருடக்கணக்காக ஓடியது.

வசதி பெரிது, வில்லங்கமும் பெரிது. விதியின் முதல் வரியில் இரண்டாவது முக்காற்புள்ளி ஒன்று வைத்தால்தான் பெட்டிக்குப் பூட்டு போடப்படும். எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில் அடுக்கப்படும் எம்பாக்ஸ் முறையில் அந்தப் புள்ளியை மறந்தால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு கடிதங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகலாம். அதைவிட மோசம், நிபந்தனையே இல்லாத விதி எல்லாக் கடிதத்துக்கும் பொருந்தும். அதன் கடைசி வரி யுனிக்ஸின் நல் சாதனத்தைக் காட்டினால், அதாவது அந்த அடியில்லாக் கிணற்றைக் காட்டினால், அன்று முதல் வருவதெல்லாம் அதற்குள் போகும். புரோக்மெயிலைப் பொறுத்தவரை எல்லாம் வெற்றிகரமாகச் சேர்ந்துவிட்டது. அனுப்பியவருக்குத் தகவல் போகாது, பெறுபவருக்கும் தெரியாது.

நிரலுக்கே வயதானது இன்னொரு சிக்கல். 3.22 பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் பல வருடங்கள் புதிய பதிப்பே இல்லை. 2014இல், அதைப் பராமரித்து வந்த ஃபிலிப் குந்தரே ஓப்பன்பிஎஸ்டி தொகுப்பிலிருந்து அதை நீக்கிவிடச் சொன்னார். 2022இல் 3.24 வெளிவந்து சில ஓட்டைகள் அடைக்கப்பட்டன. என்றாலும், ஊர் பேர் தெரியாதவர்கள் அனுப்பும் கடிதத்தைத் தொடும் முதல் கைகளில் ஒன்று இத்தனை காலம் கவனிப்பாரற்று இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

சீவ் என்ற மொழி இதற்கு நேர்மாறான எண்ணத்தில் பிறந்தது. 2001இல் ஆர்எஃப்சி 3028ஆக வந்து, 2008இல் 5228ஆகத் திருத்தப்பட்டது. திருத்திய இருவரில் ஒருவர் அதே குந்தர்! அடிப்படை சீவில் மாறிகள் இல்லை, சுழல் கட்டளைகள் இல்லை, வெளி நிரலை அழைக்க வழியும் இல்லை. முக்கியமாக, நிரல் ஓடும்போது பிழை நேர்ந்தால் கடிதம் பயனரின் பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சந்தேகம் வந்தால் கொடுத்துவிடு என்பதே அதன் கொள்கை. கை கட்டப்பட்ட மொழி என்று குறை சொல்பவர்கள் உண்டு. கடிதத்தைப் பிரிப்பவருக்கு அவ்வளவு கை நீளம் எதற்கு?

சீவிலும் கடிதத்தைச் சத்தமில்லாமல் அழிக்கும் கட்டளை இருக்கிறது. அதாவது மொழி பாதிதான் காப்பாற்றும், மீதி எழுதுபவர் கையில். எரிதம் மலைபோல் குவியும்போது அழிக்காமல் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதே. வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவது தீர்வாகாது. எரிதத்தின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய் என்பதால், சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் பெட்டி நிரம்பும். நிச்சயமான குப்பையை 250 சொல்வதற்கு முன், வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். அப்போது தவறுதலாக மாட்டிய நல்ல கடிதத்தின் சொந்தக்காரருக்கு அவருடைய வழங்கியே தகவல் சொல்லிவிடும். உள்ளே வந்துவிட்டதைத் தனி அடைவில் வைக்க வேண்டும்.

இதற்குச் செலவும் அதிகமில்லை. டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு; பூட்டுத் தொல்லையும் இல்லை. சந்தேகக் கடிதங்களை ஒரு அடைவில் போட்டு, 30 நாளுக்கு மேல் பழையதானவற்றைக் கிரான் மூலம் நீக்கச் சொன்னால் போதும். வாரம் ஒருமுறை அதன் தலைப்புகளை மேய்வதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

இன்று பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின் வலைமின்னஞ்சலில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய எரிதக் கணிப்பு கையால் எழுதிய விதிகளைவிடத் திறமையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கடிதம் ஏன் ஒதுக்கப்பட்டது என்று கேட்டால், திறந்து பார்க்க அங்கே அந்தச் சிறு கோப்பு இல்லை. கல்லூரியிலோ அலுவலகத்திலோ சொந்தமாக வழங்கி நடத்துபவர்களாவது அந்த உரிமையைப் பயனரிடமே விட்டுவைக்க வேண்டும்.

நூறு எரிதங்கள் உள்ளே வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். நேர்முகத் தேர்வுக்கான ஒரே ஒரு அழைப்பு காணாமல் போனால் ஒரு வருடம் போய்விடும். போனது ஏன் என்றுகூட அந்த மாணவருக்குத் தெரியாது. விதி எழுதுபவர்கள் இந்த இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது.