புதுசு வந்தாச்சு, போடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டான்.

"அக்கா, புது வெர்ஷன் வந்திருக்கு. இன்னிக்கே போட்டுறவா?"

"கையை எடுடா அந்தப் பட்டன்லேருந்து!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியம்மா கையிலிருந்த முறுக்கு அச்சு நழுவிவிட்டது.

நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஐபோனுக்கான புதிய இயங்குதளம் செப்டம்பரில் வரும். மேக் கணினிக்கானதும் அதை ஒட்டியே வந்துவிடும். விண்டோஸ் 11-க்கான பெரிய மேம்பாடு ஆண்டின் பிற்பாதியில் வரும். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கும் நேரத்தில்தான் கணினிக்கும் கைப்பேசிக்கும் புதுசு வருகிறது. துணி அளவு சரியில்லை என்றால் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். இயங்குதளத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் அப்பாயியின் கதையைப் பதிவு செய்ய ஆசைப்பட்டேன். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தது, விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனது, தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது லயத்தைக் காலி செய்தது என்று அவரிடம் கதை நிறைய இருந்தது. ஒரு நீண்ட வார விடுமுறையில் ஒலிவாங்கி, மடிக்கணினி சகிதம் போவதாகத் திட்டம். கிளம்புவதற்கு முந்தின இரவு, வந்து ஒருநாள்கூட ஆகாத புதிய இயங்குதளத்தை நிறுவினேன். யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை. தப்பு என் அவசரத்தில்.

மறுநாள் அப்பாயி நல்ல சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் பெட்டியை என் மடிக்கணினி கண்டுகொள்ளவே இல்லை. கழற்றி மாட்டினேன், அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன். பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தைப் பார்த்தால், புதிய பதிப்புக்கான மென்பொருள் தயாராகிக்கொண்டிருக்கிறதாம். "அடுத்த மாசம் வர்றேன் அப்பாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இத்தனை பெரிய நிறுவனங்கள் இதைச் சோதித்துப் பார்க்க மாட்டார்களா என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். ஆனால் உலகத்தில் எத்தனை விதமான கணினி, எத்தனை விதமான அச்சுப்பொறி, எத்தனை விதமான பழக்கம்! அத்தனையையும் ஒரு சோதனைக்கூடத்தில் அடுக்கிவிட முடியாது. முதல் நாளில் நிறுவும் நாம்தான் மீதிச் சோதனையைச் செய்கிறோம்.

2018-இல் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய மேம்பாடு வந்தது. சிலருடைய ஆவணங்களும் படங்களும் அதில் அழிந்துபோயின. ஆவணக் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றியவர்களுக்குப் பழைய இடத்தில் அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்று மிஞ்சி நிற்கிறது என்று முன்பு புகார் வந்திருந்தது. அதை நீக்க எழுதிய நிரல், வெறும் கோப்புறையோடு நிற்காமல், பழைய இடத்தில் இன்னும் கோப்புகளை வைத்திருந்தவர்களின் கோப்புறையையும் சேர்த்தே அழித்துவிட்டது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. திருத்தி மீண்டும் வெளியிட்டது நவம்பர் 13-ஆம் தேதி. அந்த ஆண்டு தீபாவளியே முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்னொன்று, முன்கூட்டியே சோதித்தவர்களில் சிலர் இதைச் சொல்லியிருந்தார்கள். குவிந்து கிடந்த புகார்களில் அது அமுங்கிவிட்டது. அதன் பிறகுதான், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியைப் புகார்ப் பக்கத்தில் சேர்த்தார்கள்.

ஆப்பிளும் தப்பவில்லை. 2014 செப்டம்பரில், ஐஓஎஸ் 8 வந்து ஒரு வாரத்தில், பிழைகளைத் திருத்த 8.0.1 வந்தது. அதை நிறுவிய ஐபோன் 6 கைப்பேசிகள் பலவற்றில் தொலைபேசித் தொடர்பே போய்விட்டது. அழைக்க முடியாத தொலைபேசி! உடனே திரும்பப் பெற்று, மறுநாள் 8.0.2 கொடுத்தார்கள். 2017-இல் மேக் ஹை சியராவில் பயனர் பெயராக 'ரூட்' என்று தட்டி, கடவுச்சொல்லைக் காலியாக விட்டாலே உள்ளே நுழைய முடிந்தது. பதிப்பு வெளிவந்து இரண்டு மாதம் கழித்துத்தான் இது வெளியில் தெரிந்தது. மறுநாளே திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தால் சில கணினிகளில் கோப்புப் பகிர்வு நின்றுபோனது வேறு கதை.

அப்படியென்றால் எதையுமே போடாமல் இருந்துவிடலாமா? அதுவும் ஆபத்து. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற பணயத் தீம்பொருள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைச் சந்திப்புகள் ரத்தாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது. பலர் போடவில்லை.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸுக்கு அவை மாதந்தோறும் வருபவை. அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை என்றால் நமக்குப் புதன் அதிகாலை. ஆனால் இயங்குதளத்தின் பெரிய புதிய பதிப்புக்கு அவசரம் வேண்டாம். முதல் திருத்தமாவது வரட்டும். ஒரு மாதம் பொறுத்தால் குடி முழுகிவிடாது. விண்டோஸ் அமைப்புகளில் மேம்பாட்டைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க வசதி இருக்கிறது.

போடுவதற்கு முன்பு கோப்புகளை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். அதில் ஒன்று கணினியிலிருந்து கழற்றி வைத்த வட்டாக இருக்கட்டும். அச்சுப்பொறி, அலுவலக மென்பொருள், என்னைப்போல ஒலிக்கருவி வைத்திருப்பவர்கள் அந்தந்தத் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பதிப்புக்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள். விண்டோஸில் போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால், வழக்கமாகப் பத்து நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பிள்ளையின் தேர்வு, அலுவலகக் கணக்கு முடிப்பு, நேர்காணல் இவற்றுக்கு முந்தின இரவு மட்டும் வேண்டவே வேண்டாம்.

என் கதையின் மிச்சம். மூன்றாவது வாரம் அந்த மென்பொருள் வந்தது. பெட்டி அழகாக வேலை செய்தது. அதற்குள் அப்பாயிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் கையைப் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தார். ஒரு வார்த்தைகூட நான் பதிவு செய்யவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் பெரியம்மா மகன் மெதுவாகக் கேட்டான்: "அன்னிக்கு உங்ககிட்ட போன் இருந்துச்சுல்லக்கா?"

இருந்தது. கைப்பையிலேயே இருந்தது. வானொலிக்காரிக்குக் கைப்பேசி ஒலி போதாது என்று நினைத்துவிட்டேன். இயங்குதளத்தில் இருந்த பிழையை மூன்று வாரத்தில் திருத்திவிட்டார்கள். என்னுடையதைத் திருத்த வழியில்லை.

அவன் மடிக்கணினியை மூடி வைத்தான். பிறகு கைப்பேசியை எடுத்து மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, "அம்மா, முறுக்குக்கு எவ்வளவு உளுந்து போடுவீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க" என்றான். பெரியம்மா அளவைச் சொல்லத் தொடங்கி, மாமியார் கதைக்குப் போய், நாற்பது நிமிடம் பேசினார்.

கேட்டுப் பார்த்தேன். எண்ணெய் பொரியும் சத்தம் அதிகம். ஒலித்தரம் சுமார்தான். இருக்கட்டும்.