சீர்காழியும் தூய எரிபொருளும்

காலை எட்டு மணிக்குச் சீர்காழிப் பஸ் நிலையத்தில் நிற்பவர்க்கு, வண்டி வருவதைக் கண் காணுமுன் மூக்கு அறிவித்துவிடும். கையில் நன்னூலும் மெய்யில் வெள்ளுடையுமாக நின்று, கரும்புகையுண்டு, இருமிக்கொண்டே கல்லூரி வந்து சேரும் மாணவர் நம்முட் பலர். இதனை நகைப்பின்பொருட்டு மட்டும் எழுதினேமல்லேம். அப்புகையை ஒழித்தற்கு நம் வட்டாரத்தார் ஒருங்கு கூடி ஏதேனும் செய்தல் கூடுமா என்பதே ஈண்டு எமது ஆராய்ச்சி.

கூடிநிற்றல் காவிரிப் படுகை மக்கட்குப் புதிதன்று. மீத்தேன் வாயு எடுக்கும் திட்டம் 2010ஆம் ஆண்டையொட்டி வந்தபோது, இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் ஊர்தோறும் சென்று அதன் தீங்கை எடுத்துரைத்தார். 2013 டிசம்பர் 30இல் அவர் மறைந்ததும் அப்பணியினிடையேதான். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் உழவரும் மாதரும் மாணவரும் ஒரு பந்தலின்கீழ் அமர்ந்தனர். 2020 பிப்ரவரி 20இல் சட்டமன்றம் படுகை நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது அவ்வொற்றுமையின் பயனே என்று கூறின் மிகையாகாது. எனினும், முன்னரே நடைபெற்றுவந்த பணிகளை அச்சட்டம் தொடவில்லை. நம் பக்கத்தில், மாதானம் முதல் மேமாத்தூர் வரை விளைநிலத்தினூடே எரிவாயுக் குழாய் பதிக்கப் புகுந்தபோது, 2019இல் உழவர் வயலிலிறங்கி மறித்தனர்.

இவ்விடத்தில் ஒரு முரண் எழுகின்றது. எவ்வாயுவை நம்மவர் இம்மண்ணினின்றும் எடுக்கலாகாதென மறித்தனரோ, அவ்வினத்து வாயுவையே தில்லி மாநகர் தூய எரிபொருளென வரவேற்றது. 1998 ஜூலை 28இல் உச்சநீதிமன்றம் ஆணையிட, 2002 முடிவதற்குள் அந்நகரப் பஸ்கள் டீசலை விட்டு அழுத்திய இயற்கை வாயுவுக்கு மாறின. புகைக்கரி குறைந்தது உண்மையே. ஆயின் எரியாமற் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில், கரியமில வாயுவினும் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பர் அறிவியலார். மின்வண்டியே தக்கது என்பார்க்கும் யாம் ஒன்று நினைவூட்டுவேம். 2023 ஜூலை 26இல், நெய்வேலிச் சுரங்கத்தின்பொருட்டு வாய்க்கால் வெட்ட, வளையமாதேவியில் நின்ற நெற்பயிர்மீது எந்திரங்கள் ஏறின. அச்சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமாகித்தான் நம்மிடம் வருகின்றது.

இலக்கணம் பயில்வோர், செந்தாமரையை இனமுள்ள அடைக்கும் செஞ்ஞாயிற்றை இனமில்லா அடைக்கும் எடுத்துக்காட்டுவர். 'தூய எரிபொருள்' என்புழித் 'தூய' என்பது எவ்வகையைச் சார்ந்தது? விற்போர் அதனைச் செஞ்ஞாயிறு போல வழங்குகின்றனர். மாசுடைய பகுதியே அதற்கு இல்லாதது போல. நாமோ, புகைக்குழாயின் முனையில் தூயதா, எடுக்கும் கிணற்றின் வாயில் தூயதா என்று ஈரிடத்தும் வினவுதல் வேண்டும். முன்னதை மட்டும் வினவுபவர் நகரத்தார். பின்னதை மட்டும் வினவுபவர் உழவர். இருவரும் ஓரவையில் அமர்ந்ததில்லை என்பதே எமது குறை. மறியலுக்குச் சென்றோரும் டீசல் வண்டியிலேதான் சென்றனர். வேறு வண்டி இல்லாமையால் அதனைக் குற்றமென்று கூறோம்.

அத்தகைய அவைக்கு அயல்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1992ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தையொட்டி, 1993இல் 'தூய நகரங்கள்' என்னும் ஏற்பாடு தோன்றியது. அதன் முதற் கூட்டணி அட்லாண்டா நகரில் அமைந்தது. நகராட்சியார், வண்டி பல உடையோர், எரிபொருள் விற்போர் ஆகியோர் ஒருங்கிருந்து, யார் எத்தனை வண்டியை மாற்றுவது, நிரப்புமிடத்தை எங்கே நிறுவுவது என்று தமக்குள் பேசி முடிப்பர். வாங்குவோர் இல்லையென்று விற்போரும், விற்போர் இல்லையென்று வாங்குவோரும் ஒருவரையொருவர் பார்த்து வாளாவிருக்கும் நிலை அதனால் நீங்கியது. அதனை நம் ஊருக்குக் கொணருங்கால், உழவர்க்கும் அவையில் ஓர் இருக்கை இடுதல் வேண்டும்.

நம் நிலம் அதற்கு ஏற்றதே. மேடு பள்ளமில்லாச் சமநிலம். மயிலாடுதுறைக்கும் சிதம்பரத்துக்கும் இங்கிருந்து இருபது கிலோமீட்டர் அளவே. சென்னையில் 2025 ஜூன் 30இல் 120 மின்பஸ்கள் ஓடத் தொடங்கின. அவை இங்கு ஓடலாகாதென்பதற்குத் தக்க காரணம் எதனையும் யாம் கேட்டிலேம். வெள்ளம் வருமே என்பார் உளர். வரும், 2022 நவம்பர் 11இல் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி இவ்வூரை மூழ்க்கியதை யார் மறப்பர்? மின்னேற்றும் மேடையை உயர்த்திக் கட்டுக என்பதே அதற்கு விடை. பணிமனைக் கூரைமேற் கதிரவன் வீணே காய்கின்றான். அவ்வொளியும் தென்பாண்டிக் காற்றும் தரும் மின்சாரத்துக்காக எவ்வயலும் அழிய வேண்டுவதில்லை. கடன்பட்டு ஆட்டோ வாங்கியவர் பழையதை விட்டுப் புதியது வாங்க எங்ஙனம் பணம் தேடுவார் என்பதொன்றே கடினமான வினா. அதற்கு மாணவராகிய எம்மிடம் விடையில்லை. கூட்டுறவு வங்கியாரை அவைக்கு அழைக்க வேண்டுமென்பதற்கு அதுவே காரணம்.

மயிலாடுதுறையினின்றும் தரங்கம்பாடிக்கு 1926இல் தொடங்கி 1986இல் நிறுத்தப்பட்ட புகைவண்டியைப் பற்றியும் அவ்வவை பேசுமாயின் மகிழ்வேம். பலரைச் சிறிது எரிபொருளில் ஏற்றிச் செல்வது இருப்புப்பாதையன்றோ?

அவை கூடுங்கால் கையில் கணக்கொன்று வேண்டுமன்றோ என்று எம் வகுப்பினர் சிலர் எழுதத் தொடங்கியுள்ளேம். முதல் ஏட்டில் எம் விடுதியின் மின்னாக்கி நிற்கின்றது. மின்தடை நாட்களில் அது குடிக்கும் டீசல் எவ்வளவென்று விடுதிக் காப்பாளரை வினவினேம். அவர் ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கின்றார்.