நிலத்தடி நீரின் பேரேடு

சங்கத்தின் பேரேட்டை அங்கத்தினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்பது நமக்குப் பழகிவிட்ட உரிமை. நூல் என்ன விலைக்கு வந்தது, பங்குத் தொகை எவ்வளவு சேர்ந்தது என்பன யாவும் அதில் உள. ஆனால் நம் காலடியில் கிடக்கும் நீருக்கு அத்தகைய பேரேடு இல்லை. சாமளாபுரத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் நீர் கண்டது என்பதைச் செவிவழிச் செய்தியாகக் கேட்டு, கடன் வாங்கித் துளையிடுகிறார். நொய்யல் பெருகி நம் குளம் நிரம்பிய ஆண்டில் கிணறுகளில் நீர் எத்தனை அடி ஏறிற்று, வறண்ட ஆண்டில் எவ்வளவு இறங்கிற்று என்று எழுதி வைத்தவர் நம்மில் அரியர். இது தோட்டக்காரர் கவலை மட்டுமன்று. பாவுக்குப் பசை போடவும் தண்ணீர் வேண்டும்; தறிக்காரர் வீட்டுக் குடத்திற்கும் வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தேர்ந்தெடுத்த கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நாட்டின் நிலையை அறிய அது போதும். நம் ஊரில் எந்தத் தோட்டத்தில் என்ன பயிரிடலாம் என்று முடிவு செய்யப் போதாது.

இதை மக்களே செய்து காட்டியதுண்டு. 2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், அன்றைய ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு ஒரு திட்டம் நடைபெற்றது. அனந்தப்பூர், கர்நூல், நல்கொண்டா முதலியவை அம்மாவட்டங்கள். குடியானவர்களே நாள்தோறும் மழையை அளந்தனர். பதினைந்து நாளுக்கொருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து ஊர்ப் பலகையில் எழுதினர். மழைக்காலம் முடிந்ததும் கூடி, இருக்கும் நீர் இவ்வளவு, விதைக்க எண்ணியிருக்கும் பயிர்களுக்கு வேண்டுவது இவ்வளவு என்று வரவு செலவு பார்த்தனர். நெல் போடாதே என்று யாரும் ஆணையிடவில்லை. கணக்கைக் கண்ட பின் முடிவு அவரவருடையது. இந்த அம்சமே நம்மை மிகவும் கவர்கிறது.

நிற்க, இக்காலத்தில் அளவுகளைப் பலகையில் எழுதினால் மட்டும் போதாது. கணினியில் சேர்த்தால்தான் பத்தாண்டுக் கணக்கை ஒருங்கே காண இயலும். அக்கணினி யார் வசம் இருப்பது? இலவசமாகத் தருகிறோம் என்று வரும் கம்பெனி, நாளை கட்டணம் கேட்டால் நம் எண்களை நாமே விலை கொடுத்து வாங்க நேரும். லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், மிக அதிகமாக விற்ற 2001ஆம் ஆண்டிலேயே உத்தேசம் 25,000 படங்கள்தாம் போயின. 2008இல் அமெரிக்க அரசு அவற்றை இலவசமாக்கியது. ஓராண்டில் பத்து லட்சத்திற்கு மேல் எடுக்கப்பட்டன. விலை என்னும் வேலி எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருந்தது பாருங்கள்!

கடலையும் வானிலையையும் ஆராயும் விஞ்ஞானிகள் பலர் பேன்ஜியோ என்ற பெயரில் கூடி, தரவுகளையும் மென்பொருளையும் பொதுவில் வைத்துப் பயன்படுத்துகின்றனர். இத்தகைய குழுக்களுக்குக் கணினி வசதியை நடத்தித் தரும் டூ-ஐ-டூ-சி என்னும் லாபநோக்கமற்ற அமைப்பு, ஒரு நல்ல விதியை வைத்துள்ளது: எந்தக் குழுவும் தன் ஏற்பாடு முழுவதையும் அப்படியே படியெடுத்துக்கொண்டு வேறிடம் செல்லலாம், அனுமதி கேட்க வேண்டுவதில்லை. நம் சங்கம் எவரோடு ஒப்பந்தம் செய்தாலும் இவ்விதியை முதல் ஷரத்தாகக் கோர வேண்டும் என்பது நம் கருத்து.

அங்கத்தினர் சிலர் அஞ்சுவதற்கும் நியாயம் உண்டு. யார் தோட்டத்தில் நீர் இருக்கிறது என்று தெரிந்தால் லாரித் தண்ணீர் வியாபாரி வாசலில் நிற்பான். இல்லை என்று தெரிந்தால் கடன் கொடுப்பவர் கை சுருங்கும். ஆதலின் தனிக் கிணற்றின் கணக்கு உடையவருக்கும் சங்கத்திற்கும் மட்டும் தெரியட்டும். பகுதிவாரிச் சராசரியை ஊரறிய வெளியிடலாம். ஆராய்ச்சிக்குக் கேட்கும் கல்லூரிகளுக்கு எதைத் தருவது என்பதை மகாசபையே தீர்மானிக்கட்டும். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்னும் நம் முறை இதற்கும் பொருந்தும்.

செலவு பெரிதன்று. ஒரு மழைமானி, சில அளவு நாடாக்கள், எழுதத் தெரிந்த இளைஞர் நால்வர் இருந்தால் தொடங்கலாம். இடையூறு வேறிடத்தில் இருக்கிறது: ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் வாய், குழாயும் மின்கம்பியும் போக மூடிக் கிடக்கிறது; நாடாவை இறக்க வழியில்லை. அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது, மூடியில் விரல் பருமனுக்கு ஒரு துளையிட்டு, அதற்கொரு திருகுமூடியும் வைக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்.