எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் நியாயமா?



விடுமுறையில் நம்ம பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருந்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறார்கள். சந்தோசம். போனைக் கீழே வைக்கிறார்களே! ஆனால் அதை நடத்தும் பெரியவர்கள் நாங்கள் ஒரு பிழை விட்டிருக்கிறோம்.

20 முகக் கட்டையில் 20 விழுந்தால் கிரிட்டிக்கல் ஹிட். 2014 பதிப்பின்படி, சேதத்துக்கான கட்டைகளை இரண்டு மடங்காக உருட்ட வேண்டும். இரண்டிலும் 1 விழுந்தால் சப்பென்று போகும். அதனால், "ஒரு பங்கை உருட்டாமலே முழு எண்ணாக எடுங்கள், மற்றதை உருட்டுங்கள்" என்று சட்டம் போட்டோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 8 உயிர்ப்புள்ளி உள்ள புது மந்திரவாதியை ஒரு கோப்ளின் வெட்டுகிறது. சேதம் ஒரு 6 முகக் கட்டை, அதோடு 2. நூல் சட்டப்படி கிரிட்டிக்கல் விழுந்தாலும் 36 இல் 10 வாய்ப்பில் அவன் நிற்பான். எங்கள் சட்டப்படி ஆகக் குறைந்த சேதமே 9. விழுவது நிச்சயம்.

"பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தானே?" என்கிறார்கள். கோப்ளின் ஒரு சண்டைக்கு வந்து போவது. பிள்ளையின் பாத்திரம் கிழமைக்குக் கிழமை அடி வாங்குவது. இது எப்படிச் சமம்?

அடுத்தது, 1 விழுந்தால் வாள் கைநழுவும் என்ற சட்டம். நூலில் அடி தவறும், அவ்வளவுதான். முதல் நிலை வீரன் ஒரு முறைக்கு ஒரு தடவை வெட்டுவான். வாள் நழுவும் வாய்ப்பு 5 வீதம். 11ஆம் நிலையில் மூன்று தடவை வெட்டுவான். வாய்ப்பு 14 வீதம். பழகப் பழகக் கை நழுவுமா? நெருப்புக் குண்டு வீசும் மந்திரவாதியோ அந்தக் கட்டையைத் தொடுவதே இல்லை. பரீட்சையில் கூடுதலாக எழுதிய பிள்ளைக்குப் புள்ளியைக் குறைப்பது போன்ற வேலை இது.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979 இல் எழுதிய வழிகாட்டி நூலில் கிரிட்டிக்கல் ஹிட்டே வேண்டாம் என்று வாதாடினார். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

கேட்பது இவ்வளவுதான். வாள் நழுவும் சட்டத்தை எடுத்துவிடுங்கள். முழு எண் சட்டம் பிள்ளைகளின் அடிக்கு மட்டும் இருக்கட்டும். புதுச் சட்டம் என்றால் முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

தன் பாத்திரம் செத்த அடுத்த நாள், ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அது வயிற்றுவலி இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.